ஐந்து மில்லிமீட்டருக்காக 175 கிலோமீட்டர்: கோவிந்தாபுரத்திலிருந்து சாந்தன்பாறைக்கு

மூணாறு பக்கம் போகிறவர்கள் தோளில் கேமரா மாட்டிக்கொண்டு போவார்கள். நானும் என் அண்ணனும் மார்ச் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், மூன்றரை அடி நீள எஃகுக் குழாய் ஒன்றை ஜமுக்காளத்தில் சுற்றி ஜீப்பின் பின்சீட்டில் படுக்கவைத்துக்கொண்டு போனோம். குழாய்க்குத் தலையணைகூட உண்டு. எனக்கு இல்லை.

ஏன் போனோம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நான் பாலக்காட்டில் ஒரு பாலிடெக்னிக்கில் பதினெட்டு வருடமாகக் குளிர்பதனப் பாடம் நடத்துகிறேன். (என் வீட்டு ஃபிரிட்ஜ் மூன்று மாதமாக ஓடவில்லை. அது வேறு கதை, அதைக் கேட்காதீர்கள்.) அண்ணன் வேலுச்சாமிக்குக் கேரள எல்லையோரக் கோவிந்தாபுரத்திலிருந்து நாலு கிலோமீட்டர் மேற்கே ஆறு ஏக்கர் மாந்தோப்பு. எங்கள் பக்கத்துத் தோப்புக்காரர்கள் பூ விடும் சமயத்திலேயே மரத்தைக் குத்தகைக்கு விட்டுவிடுவார்கள். குத்தகைக்காரர் வந்து மருந்தடிப்பார், காய் பறிப்பார், லாரி ஏற்றுவார். தோப்புக்காரர் தன் மரத்து மாம்பழத்தைத் தானே கடையில் வாங்கித் தின்பார். இந்த வருடம்தான் அண்ணன் முதல் முறையாகக் குத்தகைக்கு விடவில்லை. தானே பறித்து, குளிரறையில் நிறுத்தி, விலை பார்த்து விற்கிறேன் என்று கிளம்பினார். இந்த விபரீத யோசனையை அவர் தலையில் ஏற்றியது யார் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். இப்போது உங்களுக்கும் தெரிந்துவிட்டது.

அந்தக் குளிரறையில் கம்ப்ரஸர் கிடையாது. அதற்குப் பதில் எஜெக்டர். அசையும் உறுப்பு ஒன்றுமில்லாத ஒரு குழாய், அவ்வளவுதான். பாய்லரிலிருந்து வரும் நீராவி ஒரு சின்ன நாசில் வழியாகச் சீறிக்கொண்டு வரும். வேகமாகப் போகிற பஸ் ரோட்டோரக் காகிதத்தையெல்லாம் தன்னோடு இழுத்துக்கொண்டு போகுமே, அதுபோல அந்தச் சீற்றம் பக்கத்துப் பாத்திரத்தில் உள்ள ஆவியை இழுத்துக்கொண்டு போகும். பாத்திரத்தில் அழுத்தம் விழும். அழுத்தம் விழுந்தால் தண்ணீர் பத்து டிகிரியிலேயே கொதிக்கும். கொதிக்கத் தேவையான வெப்பத்தை மிச்சத் தண்ணீரிடமிருந்தே பிடுங்கும், மிச்சத் தண்ணீர் குளிர்ந்துபோகும். அதை அறைக்குள் சுற்றவிட்டால் மாங்காய் பதின்மூன்று டிகிரியில் பேசாமல் கிடக்கும். சீறிய ஆவியும் இழுபட்ட ஆவியும் குழாயின் நடுவில் உள்ள ஒடுங்கிய கழுத்தில் கலந்து, வெளியே தண்ணீர் ஓட்டிக் குளிரவைக்கிற கண்டன்சருக்குப் போய்த் தண்ணீராகிவிடும். கரண்ட் இரண்டு சின்ன பம்புக்கும் ஒரு ஃபேனுக்கும் மட்டும்தான். பாய்லருக்குத் தென்னை மட்டையும் கொட்டாங்குச்சியும் போதும். மாலையானால் பல்பே சிவப்பாக எரிகிற எங்கள் வோல்டேஜுக்கு இதைவிடப் பொருத்தமான சாதனம் உண்டா என்று நான் ஒரு மணி நேரம் பேசினேன். அண்ணன் அதை நம்பினார்.

எங்கள் பக்கம் மாங்காய் ஜனவரியிலேயே பறிப்புக்கு வந்துவிடும், அந்த ஜனவரியில் அது ஓடிய ஓட்டத்தைச் சொல்ல வேண்டும். காலையில் ஏற்றிய காய் சாயங்காலத்துக்குள் பதின்மூன்று டிகிரி. அண்ணன் போகிற வருகிறவர்களையெல்லாம் கூட்டிவந்து கதவைத் திறந்து காட்டினார். எனக்கே ஆச்சரியம், என் கணக்கில் அவ்வளவு வேகம் வராது. கேட்டால், “உன்ற டிராயிங்குக்கு மேலயே ஓடுது அம்மிணி” என்று ஒரு தினுசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பை அன்றே விசாரித்திருக்க வேண்டும்.

மார்ச் பிறந்தது. மதியம் ஒன்றரை மணி ஆனால் எஜெக்டர் நின்றுவிடும். மெல்ல மெல்லத் தளர்வது அதற்குத் தெரியாது. சீறல் சத்தம் சட்டென்று கம்மி, ஆவி எதிர்ப்பக்கம் திரும்பி, குளிர்ந்த பாத்திரத்துக்குள்ளேயே போய்ச் சூடேற்றிவிடும். மூன்று மணிக்கு அறை இருபத்திரண்டு டிகிரி. இரண்டு லோடு காய் உள்ளேயே கன்றிப்போய் ஜூஸ் கம்பெனிக்குப் போனது. செவ்வாய்க்கிழமை நங்கையா (அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் அப்படித்தான் அழைப்போம்) எனக்கு போன் செய்தாள். அடுத்த பறிப்பு திங்கட்கிழமை. அதற்குள் அறை நடுப்பகலிலும் குளிராக இருந்து காட்டாவிட்டால் குத்தகைக்காரரைக் கூப்பிட்டு மிச்சக் காயை மரத்தோடு கொடுத்துவிடுவாள். அடுத்த வருடமும் அவருக்கே என்று எழுதியும் கொடுத்துவிடுவாள். கத்தவில்லை, திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

இந்த எஜெக்டரின் மூலவர் சாந்தன்பாறையில் இருக்கிறார். இரண்டு வருடம் முன்பு மாணவர்களை மூணாறு பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்குக் கூட்டிப்போனபோது அங்கே ஃபிட்டராக இருந்த மாடசாமியைப் பார்த்தேன். நாற்பது வயதிருக்கும். சாந்தன்பாறையில் தன் மச்சானின் ஏலக்காய் ஸ்டோரில், காய் உலர்த்தும் அடுப்பின் வீண் வெப்பத்தை வைத்து ஒரு காய்கறிக் குளிரறை ஓட்டிக்கொண்டிருந்தார். அளவெல்லாம் எடுத்து என் நோட்டில் அப்படியே வரைந்துகொண்டு வந்தேன். அண்ணனுடையது அதன் நகல். புதன்கிழமை போனில் கதறினேன். அவர் சொன்னது ஒரே வார்த்தை: “கழட்டிக் கொண்டாங்க.”

இனிப் பயணம். ஜீப்பின் மீட்டர் செத்து வருடமாகிறது, ஆகவே தூரமெல்லாம் போனில் உள்ள மேப் சொன்னபடி. காலை 5.30க்குத் தோப்பிலிருந்து கிளம்பினோம். பொள்ளாச்சி 24 கிலோமீட்டர், 6.10. அங்கிருந்து உடுமலை 28 கிலோமீட்டர், 6.55. இருவருக்கும் இட்லி, வடை, காபி 190 ரூபாய். வடையை அண்ணன் குழாயைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே தின்றார். வழி நெடுக அவர் வழக்கத்துக்கு மாறாக அமைதி. பிள்ளைக்கு உடம்பு சரியில்லாத தகப்பன் மாதிரி இருக்கிறாரே என்று எனக்குக் கொஞ்சம் மனசு இளகியது. என்னைப் போன்ற முட்டாளுக்கு இளகத்தான் செய்யும்.

உடுமலையிலிருந்து சின்னாறு செக்போஸ்ட் 28 கிலோமீட்டர். காட்டுச் சாலை, இரவில் மூடிவிடுவார்கள், பகலில்தான் போக முடியும். 8.00 மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். இங்கே ஒரு பயண ஆலோசனை: தாண்டினால் மறையூர், மறையூரில் சந்தன மரம், இந்தப் பக்கமோ தமிழ்நாடு. நீளமாக, உருண்டையாக, துணியில் சுற்றி எதையும் பின்சீட்டில் படுக்கவைக்காதீர்கள்.

ஜமுக்காளத்தை அவிழ்த்தார்கள். சந்தனக்கட்டை இல்லை என்று தெரிந்ததும் விட்டுவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். அதிகாரி குழாயின் ஒரு முனையில் கண்ணை வைத்துப் பார்த்தார். மறுமுனையில் வைத்துப் பார்த்தார். பக்கவாட்டில் கிளைக்குழாய் இருந்த இடத்தில் விரலை விட்டுப் பார்த்தார்.

“இதெந்தா சேட்டா சாதனம்?”

நான் வாயைத் திறக்குமுன் அண்ணன் உதவிக்கு வந்தார். “ஒண்ணுமில்லீங் சார். அடுப்புல காய்ச்சி, ஆவிய இதுல உட்டு, குளிர வெச்சு, திரும்பத் தண்ணியா எடுத்துக்கறதுங்க.”

அவ்வளவுதான். சாராயம் காய்ச்சுவதை இதைவிடத் துல்லியமாக என் மாணவர்கள் யாரும் எழுதியதில்லை. அடுத்த நாற்பது நிமிடம் நான் அடையாள அட்டை காட்டி, தோப்பின் போட்டோ காட்டி, குளிரறையின் போட்டோ காட்டி, மண்ணில் குச்சியால் படம் போட்டு எஜெக்டர் வகுப்பெடுத்தேன். கடைசியில் அந்த அதிகாரி என்னை ஓரமாகக் கூப்பிட்டு, தன் வீட்டு ஃபிரிட்ஜில் ஐஸ் மலையாகப் படிகிறதே, என்ன காரணம் என்று கேட்டார். கதவு ரப்பர் போயிருக்கும், மாற்றுங்கள் என்றேன். வண்டியை விட்டார்கள். அண்ணன் ஏறி உட்கார்ந்து, “நல்ல மனுசனுங்க” என்றார்.

மறையூர் 16 கிலோமீட்டர், 9.25. கரும்பு வயல்களும் வெல்ல ஆலைகளும் இருக்கின்றன, இறங்கிப் பார்க்கலாம். நாங்கள் பார்க்கவில்லை. அங்கிருந்து மூணாறு 42 கிலோமீட்டர். தேயிலைச் சரிவுகள் அழகு என்று நீங்கள் எல்லோரும் எழுதியாயிற்று, நான் எழுதவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் முன்னால் போன சுற்றுலா வேன் வளைவுக்கு வளைவு நின்று போட்டோ எடுத்ததும், குழாய் ஒவ்வொரு வளைவிலும் என் முதுகை இடித்ததும்தான். மூணாறு 11.10. ஊருக்குள் அரை கிலோமீட்டர் கடக்க இருபத்தைந்து நிமிடம். பிறகு பூப்பாறை 30 கிலோமீட்டர், அங்கிருந்து சாந்தன்பாறை 7. ஏலக்காய் ஸ்டோரின் முற்றத்தில் ஜீப்பை நிறுத்தியபோது மணி 1.20. மொத்தம் 175 கிலோமீட்டர், எட்டு மணி நேரத்துக்குப் பத்து நிமிடம் குறைவு. வாயைத் திறந்தால் ஏலக்காய் வாசனை உள்ளே போகிறது. கடைசிச் சுற்றுக் காய் உலர்ந்துகொண்டிருந்தது.

எங்கள் எஜெக்டர் தினமும் சாகிற நேரம் அது. மாடசாமியின் எஜெக்டர் சுவரோரம் நிதானமாகச் சீறிக்கொண்டிருந்தது. அறைக்குள் போய்ப் பார்த்தேன்: பீன்ஸும் கேரட்டும், பன்னிரண்டு டிகிரி. அதே நாசில், அதே நீளம், அதே வளைவு. பக்கத்து வீட்டுப் பிள்ளை முதல் மதிப்பெண் வாங்கினால் வருமே ஓர் எரிச்சல், அது வந்தது.

மாடசாமி எங்களை உட்காரச் சொல்லி, பால் விடாத கட்டன் சாயா கொடுத்துவிட்டு, குழாயைத் தனியே தூக்கிக்கொண்டு போய் மேசையில் வைத்தார். நாசிலைக் கழற்றினார். துளை ஐந்து மில்லி, சரி. உள்ளளவு எடுக்கும் காலிப்பரைக் கழுத்துக்குள் விட்டார். எடுத்துப் பார்த்தார். மறுபடி விட்டார். என்னைப் பார்த்தார்.

ஐம்பது மில்லி. என் நோட்டில் நாற்பத்தைந்து.

எனக்கு ஜிவ்வென்று ஏறியது. அளவு தப்பாகக் கடைந்துவிட்டு முழுக் கூலி வாங்கிய பொள்ளாச்சி லேத் பட்டறைக்காரருக்கு அங்கேயே போன் போட்டேன். தொழில் தர்மம், மாணவர்களின் எதிர்காலம், இந்த நாட்டின் உற்பத்தித்துறை என்று ஆறு நிமிடம் பேசினேன். அவர் குறுக்கே பேசவே இல்லை. நான் மூச்சு வாங்கிய இடைவெளியில் மெதுவாகச் சொன்னார்:

“நாப்பத்தஞ்சுக்குத்தானுங்க கடைஞ்சு குடுத்தன். டிசம்பர்ல உங்கண்ணனே கொண்டாந்து, கழுத்த அஞ்சு மில்லி அகலம் பண்ணச் சொன்னாருங்க. வேண்டாமுங்கன்னு சொல்லியும் பாத்தன்.”

திரும்பிப் பார்த்தேன். அண்ணன் நாற்காலியில் இல்லை. வெளியே சரிவில் நின்று, வாழ்நாளில் முதல் முறையாக ஏலச் செடியின் வேரை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

இதில் அண்ணனுடைய நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நங்கையா இதைப் படித்துவிட்டு என்னைக் கேட்பாள். எங்கள் பக்கத்து விவசாயிக்குக் குழாயில் எங்கே ஒடுக்கம் இருந்தாலும் அது விரோதி. போர் போடும்போது ஒரு சைஸ் பெரிய பைப் போடுவார்கள். மோட்டாரில் இரண்டரை இன்ச் வாய் இருந்தால் மூன்று இன்ச் லைன் இழுப்பார்கள். வால்வில் ஒடுக்கம் இருந்தால் கழற்றி எறிவார்கள். தண்ணீர் விஷயத்தில் அது பெரும்பாலும் சரியும்கூட. மூன்றரை அடிக் குழாயில் வேண்டுமென்றே நடுவில் ஒரு கழுத்தை ஒடுக்கி வைத்திருப்பதைப் பார்த்த நாளிலிருந்து அவருக்குக் கை அரித்திருக்கிறது.

ஆனாலும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று வெளியே போய்க் கத்தினேன். வார்த்தைக்கு வார்த்தை எழுத முடியாது. ஸ்டோரில் காய் தரம் பிரித்துக்கொண்டிருந்த பெண்கள் வேலையை நிறுத்திவிட்டார்கள். அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, எதையோ தேடி, என் கையில் கொடுத்தார்.

“உன்னயக் கேட்டுத்தான் பண்ணுனன் அம்மிணி. போட்டுப் பாரு.”

டிசம்பரில் நான் அனுப்பிய குரல் செய்தி. இரண்டு நிமிடம் நாற்பது நொடி. ஜெனரேட்டர், எவாப்பரேட்டர் என்று கொஞ்ச நேரம் பீற்றிவிட்டு என் குரல் சொல்கிறது: கழுத்தின் பரப்பை நாசில் துளையின் பரப்பால் வகுத்தால் ஒரு விகிதம் வரும், அந்த விகிதம் கூடக் கூட ஒரு கிலோ நீராவி இழுக்கிற ஆவி கூடும், இழுப்புக் கூடினால் குளிர்ச்சி கூடும், புரிஞ்சுதுங்களாண்ணா? பின்னால் காலேஜ் மணி அடிக்கிறது. “மிச்சத்த நேர்ல சொல்றனுங்க, கிளாஸுக்கு நேரமாச்சு.”

மிச்சத்தை நேரில் சொன்னேனா? நான் எங்கே சொன்னேன். ஜனவரியில் போனேன், மாங்காய் தின்றேன், நங்கையாவோடு உறவுக்காரர்கள் கதையெல்லாம் பேசினேன், வந்துவிட்டேன்.

நான் போனைப் பிடித்துக்கொண்டு நின்ற கோலத்தைப் பார்த்து மாடசாமிக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். வாசலில் வந்து நின்று, அண்ணனைப் பார்த்தே பேசினார்.

“கழுத்து அகலமாச்சுன்னா நெறைய இழுக்கும்ணே, அது உள்ளதுதான். ஆனா தள்ளுத வலு கொறஞ்சிரும். கண்டன்சர் சூடாச்சுன்னா அங்கெருந்து எதுத்துத் தள்ளும்லா, அதத் தாண்டித் தள்ள முடியாது. படுத்துரும். ஜனவரியில தண்ணி குளுகுளுன்னு இருந்துருக்கும், ஓடியிருக்கு. இப்பம் எப்படி ஓடும்?”

அண்ணன் தலையாட்டினார். மூன்று மாதமாக நான் சொல்ல மறந்த மிச்சம் முக்கால் நிமிடத்தில் முடிந்தது.

சரி, மறுபடி நாற்பத்தைந்துக்குக் கொண்டுவந்துவிடலாம், தப்பு அண்ணனுடையதும் என்னுடையதும் ஆளுக்குப் பாதி என்று நான் மனசுக்குள் பங்கு பிரித்துக்கொண்டிருந்தேன். மாடசாமி எங்களை ஸ்டோரின் பின்பக்கம் கூட்டிப்போனார். மேலே ஓடையிலிருந்து ஒரு ஹோஸ் குழாய் இறங்கி கண்டன்சருக்குப் போகிறது. கையை விடச் சொன்னார். விரல் சில்லிட்டது. பத்தொன்பது டிகிரி.

“டீச்சர், ஒங்க கண்டன்சருக்கு எந்தத் தண்ணி?”

மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் என்றேன். கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டி. மார்ச் வெயிலில் மதியம் அதில் சாதம் வடிக்கலாம்.

“அப்பம் நாப்பத்தஞ்சும் ஓடாது. நாப்பத்தஞ்சு இந்த மலைக்கு, இந்தத் தண்ணிக்குப் பாத்து நான் போட்டது. ஒங்க ஊருக்கு நாப்பத்தொண்ணு போதும். நீங்க எழுதிட்டுப் போகையில நான் நெனச்சேன், டீச்சரு ஊர்ல போயி மாத்திக்கிடுவாகன்னு.”

அண்ணன் அப்போதுதான் அன்றைக்கு முதல் முறையாகச் சிரித்தார். சத்தம் போடாமல், தோள் மட்டும் குலுங்க. நான் ஓடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதினெட்டு வருடமாகக் கரும்பலகையில் நான் வரைகிற எஜெக்டரின் கண்டன்சர் முப்பது டிகிரியில்தான் இருக்கும். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. பாலக்காட்டில் வகுப்பறையே முப்பத்தாறு. ஒரு மாணவன்கூடக் கேட்டதில்லை, நானும் கேட்டுக்கொண்டதில்லை.

மேற்கொண்டு நடந்தது மளமளவென்று. மாடசாமிக்குத் தெரிந்த லேத் பட்டறை பூப்பாறையில். கழுத்துக்குள் இறுகப் பொருந்துகிற மாதிரி ஒரு பித்தளை உறை, உள்ளளவு நாற்பத்தொன்று. வாய்ப்பக்கமும் வால்பக்கமும் படி தட்டாமல் சரிவாக இழைத்து வைத்தார்கள். பித்தளையோடு கூலி 1,400 ரூபாய். நாசிலின் முனை கழுத்திலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதும் முக்கியம், அதை ஊரில் ஓட்டிப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்று மாடசாமி, நாசிலுக்கு அடியில் போட மூன்று மில்லி கனத்தில் மூன்று வளையங்கள் கடைந்து கொடுத்தார். வேலை முடிய 4.45. இனிக் கிளம்பினால் சின்னாறு மூடிவிடும். பூப்பாறையில் ரூம் 1,200 ரூபாய், வெந்நீர் உண்டு, கொசு இல்லை. மாடசாமி தன் உழைப்புக்கு ஒன்றும் வாங்கவில்லை. அடுத்த மாதம் ஒரு பெட்டி மாம்பழம் அனுப்பச் சொன்னார். அதையும் அண்ணனைப் பார்த்துத்தான் சொன்னார்.

சனிக்கிழமை காலை 6.30க்குக் கிளம்பி, செக்போஸ்ட்டில் இம்முறை நான் மட்டும் பேசி, 1.15க்குத் தோப்பு. அன்றைக்கே கிணற்றிலிருந்து கண்டன்சருக்கு நேர் லைன் இழுத்தோம். கிணற்றுத் தண்ணீர் இருபத்தாறு டிகிரி. மாடித் தொட்டி இனித் துணி துவைக்க மட்டும்.

ஞாயிறு காலை குழாயை மாட்டினோம். வளையம் போடாமல் ஓட்டினால் இழுப்பு மந்தம். ஒன்று போட்டோம், தேவலை. இரண்டு போட்டோம், நன்றாக இழுத்தது. மூன்றாவதைப் போட்டதும் மறுபடி விழுந்தது. இரண்டிலேயே நிறுத்தினோம். ஒவ்வொன்றுக்கும் அரை மணி நேரம் ஓட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் பாய்லரை நிறுத்தி, ஆறவிட்டு, போல்ட்டு கழற்றி மாட்ட வேண்டியிருந்தது. அண்ணன் என்னை அவசரப்படுத்தவில்லை. பதினொரு மணிக்கு முந்தின வாரத்து மிச்சக் காய் ஒன்றரை டன்னை உள்ளே ஏற்றினோம்.

ஒன்றரை மணி தாண்டியது. சீறல் நிற்கவில்லை. இரண்டு மணி, நிற்கவில்லை. வெளியே முப்பத்தெட்டு டிகிரி. மூன்று மணிக்கு நங்கையா கைவேலையை விட்டுவிட்டு வந்தாள். அறைக்குள் தெர்மாமீட்டர் பதினான்கு காட்டியது. அவள் அதைப் பார்க்கவில்லை. அடிப்பெட்டி ஒன்றில் கையை நுழைத்து, நடுவிலிருந்து ஒரு காயை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். வைத்தபடியே கேட்டாள்:

“ஏனுங்க, ஒரு நாளைக்கு எத்தனை டன்னு ஏத்தலாம்?”

அண்ணன் என்னைப் பார்த்தார். இங்கேதான் பொய் சொல்ல ஆசை வந்தது. கழுத்து ஒடுங்கியதால் ஜனவரி வேகம் இனி வராது. ஒரு நாளைக்கு இரண்டு டன்தான், அதுவும் காலை ஒன்பதுக்குள் ஏற்றினால். தோப்பு முழுக்கப் பறித்தால் ஒரு பறிப்புக்கு நாலு டன் வரும். சொன்னேன். அவள் காயைப் பெட்டியில் திரும்ப வைத்தாள், கதவை இழுத்துச் சாத்தினாள், முற்றத்தில் நின்று குத்தகைக்காரருக்கு போன் போட்டாள். அண்ணன் மாமரத்தில் சாய்ந்துகொண்டு தரையைப் பார்த்தார்.

“கிழக்க இருக்கற மூணு ஏக்கரு மட்டும் நீங்க பறிச்சுக்குங்க. மேக்காலத்து மூணு நாங்களே பாத்துக்கறம். இல்லீங்க, அடுத்த வருசத்துப் பேச்சு இப்ப வேண்டாமுங்க.”

பாதித் தோப்பு. அண்ணன் முழுத் தோப்புக்கு ஆசைப்பட்டார். பாதி மிஞ்சும் என்றுகூட செவ்வாய்க்கிழமை நான் நினைக்கவில்லை. திங்கட்கிழமை விடியலில் மேற்குப் பக்கம் பறிப்பு நடந்தது. இரண்டு டன். ஒன்பதுக்குள் ஏற்றியாயிற்று.

இதே வழியில் இதே மாதிரிக் காரியமாகப் போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். டீசல் போகவர 2,900 ரூபாய் ஆயிற்று. எங்கள் ஜீப் குடிகாரன், உங்களுக்குக் குறையும். மூணாறு ஊருக்குள் பதினொரு மணிக்குப் போய் மாட்டாதீர்கள். செக்போஸ்ட்டில் குழாயைச் சுற்றாமல் திறந்தபடி காட்டுங்கள், உங்களில் யார் பேசுவது என்று முன்பே முடிவு செய்யுங்கள். எஜெக்டர் வாங்குகிறவர்கள் ‘எவ்வளவு இழுக்கும்’ என்று மட்டும் கேட்காமல், ‘கண்டன்சர் எத்தனை டிகிரி வரை தாங்கும்’ என்றும் கேளுங்கள். அந்த எல்லையை உங்கள் ஊரின் மிக மோசமான மதியத்துக்கு வைத்துப் பாருங்கள், ஜனவரிக் காலைக்கு வைத்துப் பார்க்காதீர்கள். நன்றாக ஓடுகிற இடத்தின் அளவை நகலெடுக்கும்போது அங்கே ஓடுகிற தண்ணீரிலும் கையை விட்டுப் பாருங்கள். எதை மாற்றினாலும் ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். படித்தவர்கள் பாதியில் நிறுத்திய குரல் செய்தியை நம்பி லேத் பட்டறைக்குப் போகாதீர்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது நேற்று அண்ணன் போன் செய்தார். வாரம் முழுக்க அறை பதினான்கைத் தாண்டவில்லையாம். சந்தோஷமாக இருந்தார். நானும் சந்தோஷமாக இருந்தேன், அடுத்த வாக்கியம் வரும்வரை.

“நாப்பத்தொண்ணே இப்படித் தாங்குதுன்னா, முப்பத்தெட்டுக்குச் சுருக்குனா மே மாசத்தயே தாங்குமல்ல அம்மிணி?”

இழுப்பு செத்துப்போகும், ஒரு டன்கூட ஏறாது என்று இம்முறை முழுப் பாடத்தையும் நடத்தினேன், மணி அடித்தும் நிறுத்தவில்லை. புரிந்தது என்றார். அவருக்குப் புரிந்த லட்சணம் எனக்குத் தெரியும் என்பதால், போனை வைத்த கையோடு பொள்ளாச்சி லேத் பட்டறைக்கும் பூப்பாறை லேத் பட்டறைக்கும் பேசிவிட்டேன். மூன்றரை அடிக் குழாயோடு பழைய ஜீப்பில் யாராவது வந்தால் கரண்ட் இல்லை என்று சொல்லி அனுப்பிவிடுவதாக இருவரும் வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். உடுமலையில் மட்டும் இன்னும் ஆறு பட்டறை பாக்கி இருக்கிறது.